ஒரே வாடிக்கையாளர், இரண்டு பதிவுகள்: கணக்கு மென்பொருளும் விற்பனை மென்பொருளும் ஒத்துப்போகாதது ஏன்?

ஒரு கடைக்கு எத்தனை வாடிக்கையாளர்கள்? கணக்கு மென்பொருளைக் கேட்டால் ஒரு எண் வரும். விற்பனை மென்பொருளைக் கேட்டால் வேறொரு எண் வரும். இரண்டையும் இணைத்துவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதாக ஓர் எண் வரும். அரிசி ஆலைகளும் உரக்கடைகளும் விவசாயக் கருவி விற்பனையகங்களும் நிறைந்த கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் இதை எண்ணிக்கைக் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. யாருடைய பாக்கி யார் பேரில் நிற்கிறது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

இந்தக் கேள்வி கணினியைவிடப் பழையது. அன்றாடம் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழிச் சிட்டை. அதையே ஆள்வாரியாகப் பிரித்துப் பக்கம் ஒதுக்கி எழுதுவது பேரேடு. இத்தாலியில் லூக்கா பச்சோலி 1494இல் இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியபோதும் இந்தப் பிரிவினைதான் அடிப்படையாக இருந்தது. பேரேட்டில் பக்கம் திறக்கப்படாதவர்களைப் பற்றிய செய்தி, அதாவது விலை கேட்டுப் போனவர், அடுத்த பட்டத்துக்கு வருவதாகச் சொன்னவர், பக்கத்து ஊர்க்காரரை அனுப்பிவைத்தவர் எல்லாம், கணக்குப்பிள்ளையின் நினைவில் இருந்தது. பேரேட்டுப் பேரையும் நேரில் வந்த ஆளையும் இணைத்ததும் அந்த நினைவுதான். அந்த இணைப்பு வேலையை இன்று மென்பொருளின் ஒத்திசைவு செய்ய வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதற்கு நான்கு விடைகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறும் ஒரு குறையும் உண்டு.

வேறுபாடு எங்கே பிறக்கிறது?

விடைகளுக்குப் போகுமுன் வேறுபாட்டின் ஊற்றுகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. குறைந்தது நான்கு உண்டு.

முதலாவது, எதை ஒரு வாடிக்கையாளர் என்று எண்ணுவது என்பது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் கடன் வாடிக்கையாளர் என்பவர் ‘சண்ட்ரி டெட்டார்ஸ்’ தொகுப்பின் கீழ் வரும் ஒரு லெட்ஜர். அது ஒரு கணக்கின் பேர். விற்பனை மென்பொருள்களோ நிறுவனத்தையும் அதில் பேசும் ஆட்களையும் தனித்தனிப் பதிவுகளாக வைக்கின்றன. கள்ளக்குறிச்சியிலும் புதுச்சேரியிலும் கிளை வைத்திருக்கும் ஒரு வணிகரை எடுத்துக்கொள்வோம். விற்பனை ஊழியருக்கு அவர் ஒருவர். சரக்கு-சேவை வரிக்கு அவர் இருவர். தமிழ்நாட்டுக் கிளையின் பதிவு எண் 33இல் தொடங்கும், புதுச்சேரிக் கிளையின் எண் 34இல் தொடங்கும். ஒன்றுக்கு மாநில வரியும் மத்திய வரியும் போட வேண்டும், மற்றதற்கு மாநிலங்களுக்கு இடையிலான வரி போட வேண்டும். இந்த இரு லெட்ஜர்களை ‘நகல் பதிவு’ என்று நினைத்து ஒன்றாக்கினால் வரிக் கணக்கே தவறிவிடும்.

இரண்டாவது, பேர். முதற்பேர், குடும்பப்பேர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும் மென்பொருள்களுக்குத் தலைப்பெழுத்து மரபு புரிவதில்லை. கோவிந்தனின் மகன் முருகன் தமிழில் ‘கோ. முருகன்’, ஆங்கிலத்தில் ‘ஜி. முருகன்’. கந்தனின் மகனும் கணேசனின் மகனும் தமிழில் இருவருமே ‘க. முருகன்’ ஆகலாம், ஆங்கிலத்தில் ஒருவர் ‘கே’, மற்றவர் ‘ஜி’. திருமணத்துக்குப் பின் தந்தையின் தலைப்பெழுத்தை விட்டுக் கணவரின் தலைப்பெழுத்தை ஏற்கும் பெண்கள் பலர். பழைய பேரும் புதிய பேரும் இரண்டு ஆட்களாகவே பதிவில் நிற்கும். சிலர் தலைப்பெழுத்தை விட்டு ஊர்ப்பேரையே முன்னொட்டாக வைத்துக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது, இடம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டமாக இருக்கும் நிலப்பரப்பு 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது, பிறகு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது. அதற்கு முன் திறந்த லெட்ஜரில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்றும், பின்னர் வந்த விற்பனைப் பதிவில் ‘கள்ளக்குறிச்சி மாவட்டம்’ என்றும் இருந்தால் அதில் எவர் தவறும் இல்லை. ஊர்ப்பேரின் ஆங்கில எழுத்துக்கூட்டலும் நிலையற்றது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப்பேர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் ஆணையை வெளியிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. இம்மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இடர் இன்னும் கூடுகிறது. பல சிற்றூர்களில் முகவரி என்றாலே ஊர்ப்பேர் மட்டும்தான். தெரு, கதவு எண் என்ற கட்டங்கள் காலியாகவே போகும். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. மலை ஊர்களுக்குச் சந்தையும் கடைவீதியும் கள்ளக்குறிச்சிப் பக்கமும் உண்டு, ஆத்தூர்ப் பக்கமும் உண்டு.

நான்காவது, காலம். விற்பனைப் பதிவுக்கு இன்றைய முகவரி வேண்டும். கணக்குக்குப் பில் போட்ட நாளின் முகவரி வேண்டும். வாடிக்கையாளர் வீடு மாறியதும் பழைய பில்களின் முகவரியும் மாறுமானால் அந்த ஏடு சான்றாக நிற்காது.

இவற்றில் எழுத்துப்பிழையால் வந்த வேறுபாடு ஒரு பகுதிதான். மீதமெல்லாம் இரு ஏடுகளும் வெவ்வேறு உண்மைகளைச் சொல்வதால் வருபவை. பின்வரும் நான்கு விடைகளையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம்.

முதல் விடை: கணக்கே தலைமை ஏடு

மிகப் பழைய விடை இது. கணக்கில் இருக்கும் பேரே சரி. விற்பனை மென்பொருள் அதைப் படித்துக்கொண்டால் போதும். ஒத்திசைவு ஒரே திசையில் ஓடும்.

இதன் வலிமை சட்டத்தில் இருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்டு வரும் கணக்கேடு நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளத்தக்க சான்று. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 34ஆம் பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 28ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஏட்டுப் பதிவு மட்டுமே ஒருவரைக் கடனாளி என்று தீர்மானிக்கப் போதாது என்ற எச்சரிக்கையும் அதே பிரிவில் உண்டு. நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகள், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தின் தடத்தையும் காக்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும். பரிவர்த்தனை நடந்த லெட்ஜரை டேலியில் அழிக்க முடியாது. விற்பனைப் பதிவுகளுக்கு இத்தகைய காவல் பொதுவாக இல்லை.

குறைகளும் இங்கேதான். கணக்கு ஏடு வாங்கியவரை மட்டுமே அறியும், கேட்டுப் போனவரை அறியாது. ரொக்கத்துக்கு வாங்குபவர்கள் எத்தனை பேரானாலும் பெரும்பாலும் ‘கேஷ்’ என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடுகிறார்கள். சரக்கு-சேவை வரி விதிகளின்படி, பதிவு பெறாதவருக்கு 50,000 ரூபாய்க்குக் குறைவாக விற்கும்போது வாங்குபவர் கேட்டாலொழிய பேரும் முகவரியும் பில்லில் கட்டாயமில்லை. சிறு விவசாயியின் வாங்குதல்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுவதால், கடையை உண்மையில் தாங்கும் ஆட்களில் பலர் கணக்கில் பேரின்றி மறைந்துவிடக்கூடும்.

இரண்டாம் விடை: விற்பனைப் பதிவே தலைமை ஏடு

இந்த விடை அண்மையது. 1980களில் தொடர்புகளைக் குறித்துவைக்கும் சிறு நிரல்களாகத் தொடங்கியது. 1993இல் தொடங்கிய சீபெல், 1999இல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் ஆகிய நிறுவனங்களால் பெருந்தொழில் ஆனது. தமிழகத்திலிருந்து வளர்ந்த ஜோஹோ 2005இல் விற்பனை மென்பொருளையும் 2011இல் கணக்கு மென்பொருளையும் வெளியிட்டது. வாடிக்கையாளரை முதலில் சந்திப்பவர் விற்பனை ஊழியர், ஆகவே பதிவு பிறக்க வேண்டிய இடமும் அதுவே என்பது இதன் வாதம். பில் அதன் பின் வரும் ஒரு நிகழ்ச்சி மட்டுமே.

ஆனால் விற்பனைப் பதிவு எளிதில் பெருகும். ஒருவர் தொலைபேசியில் கேட்டால் ஒரு பதிவு, நேரில் வந்தால் இன்னொன்று, மகன் வாட்ஸ்அப்பில் கேட்டால் மூன்றாவது. கணக்கின் ஒழுக்கம் அதற்குப் பொருந்துவதும் இல்லை. டேலியில் ஒரே நிறுவனக் கணக்குக்குள் இரு லெட்ஜர்கள் ஒரே பேரில் இருக்க முடியாது. குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் இன்னும் கடுமையானது. வாங்குபவர், விற்பவர், ஊழியர் மூவரின் பட்டியலிலும் சேர்த்து ஒரு பேர் ஒருமுறைதான் வரலாம். மக்காச்சோளத்தைக் கொள்முதல் செய்து உரத்தையும் விதையையும் விற்கும் கடைக்கு அதே விவசாயி வரவேண்டியவராகவும் கொடுக்கவேண்டியவராகவும் இருப்பார். விற்பனை மென்பொருள் அனுப்பும் பேர் கணக்கில் ஏற்கெனவே சரக்கு கொடுத்தவராக இருந்தால் ஒத்திசைவு நின்றுவிடும், அல்லது பேருக்குப் பின்னால் ஒரு எண்ணை ஒட்டிப் புதிய பதிவு பிறக்கும்.

இரு திசையிலும் ஓடும் ஒத்திசைவு இந்த இரு விடைகளுக்கும் சமரசமாக முன்வைக்கப்படுகிறது. எது கடைசியாகத் திருத்தப்பட்டதோ அது வெல்லும் என்பது அதில் வழக்கமான விதி. கடைசியாகத் தொட்டவர் சரியாக அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்காளர் வரிப் பதிவுச் சான்றைப் பார்த்து எழுதிய பேரை, விற்பனை ஊழியர் அவசரத்தில் தட்டிய சுருக்கப்பேர் அழித்துவிடலாம். பேர் மாறினால் அடுத்த சிக்கல் தொடங்கும். டேலி ஒவ்வொரு லெட்ஜருக்கும் உள்ளே ஓர் அடையாளக் குறியை வைத்திருந்தாலும், வெளியிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பு வழியாக வரும் பில்கள் பொதுவாக லெட்ஜரின் பேரைச் சொல்லித்தான் சேர்கின்றன. ஒரு பக்கம் பேரைத் திருத்தி மறுபக்கம் திருத்தாவிட்டால் அடுத்த பில்லுக்குப் போகும் இடம் தெரியாது.

மூன்றாம் விடை: ஒரு பொது எண்

பேர்தான் சிக்கல் என்றால் பேரை விட்டு எண்ணைப் பிடிக்கலாம் என்பது மூன்றாம் விடை. வணிகர்களுக்கு இது பெருமளவு பயன்பட்டது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு-சேவை வரி வந்தபோது 15 எழுத்துகள் கொண்ட பதிவு எண் நடைமுறைக்கு வந்தது. முதல் 2 மாநிலக் குறியீடு, அடுத்த 10 வருமான வரி நிரந்தரக் கணக்கு எண். கடைசி எழுத்து, தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக் குறி. மொத்த வணிகத்தில் பதிவுகளை இணைக்க இதைவிட உறுதியான கருவி இப்போதைக்கு இல்லை எனலாம். நடுவிலுள்ள 10 எழுத்துகள் மட்டும் ஒத்துப்போனால் ‘ஒரே ஆள், வேறு கிளை’ என்றும் கண்டுகொள்ளலாம்.

ஆனால் தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி இந்த வரியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வேளாண்மையை நம்பிய மாவட்டத்தில் வாடிக்கையாளர் பட்டியலின் பெரும்பகுதிக்கு இந்த எண் இருக்காது. ஆதாரும் இந்த இடத்தை நிரப்ப முடியாது. 2018 செப்டம்பர் 26இல் உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதாரைக் கேட்க வழி செய்த 57ஆம் பிரிவின் பகுதியை நீக்கியது. உரக்கடையில் இதன் விளைவை நேராகக் காணலாம். மானிய உரத்துக்காக 2018 முதல் நாடு முழுவதும் வந்த விற்பனைக் கருவியில் விவசாயி ஆதாரைக் காட்டி மூட்டை வாங்குகிறார். கடையின் கணக்கில் அது பற்று. அவர் விதை விலை கேட்டது விற்பனைப் பதிவில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று ஏடுகள். முதல் ஏட்டின் எண்ணை மற்ற இரண்டுக்கும் திறவுகோலாக்கும் உரிமை கடைக்கு இல்லை.

மிச்சமிருப்பது கைபேசி எண். நடைமுறையில் பெரும்பாலான கடைகள் இதையே நம்புகின்றன. எடுத்த எடுப்பில் பயன் தருவதும் உண்மை. ஆனால் பயன்பாடற்றுத் துண்டிக்கப்பட்ட எண்ணை, குறைந்தது 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது தொலைத்தொடர்பு நடைமுறை. ஒரு குடும்பத்துக்கு ஒரு கைபேசி என்று இருக்கும் வீடுகளில் அப்பாவும் மகனும் மருமகளும் ஒரே ஆளாகிவிடுவார்கள். கோபுர அலை எல்லா ஊருக்கும் சீராக எட்டாத மலைப்பகுதியில், கீழே இருக்கும் உறவினரின் எண்ணைக் கொடுப்பதும் நடக்கக்கூடியதே.

நான்காம் விடை: ஒப்பிட்டு இணைத்தல்

ஒரே அடையாளம் கிடைக்காதபோது பல சிறு ஒற்றுமைகளைக் கூட்டி முடிவெடுப்பது நான்காம் விடை. இதன் வேர் வணிகத்தில் இல்லை, மக்கள் பதிவில் இருக்கிறது. அமெரிக்காவின் பிறப்பு-இறப்புப் புள்ளிவிவரப் பொறுப்பிலிருந்த ஹால்பர்ட் டன் 1946இல், ஒருவரின் வாழ்வில் சிதறிக்கிடக்கும் பதிவுகளை ஒரே நூலின் பக்கங்களாகத் தைக்கும் பணி என்று இதை விளக்கினார். 1959இல் ஹோவர்ட் நியூகோம்பும் உடன் ஆய்வாளர்களும் கனடாவின் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கணினியால் இணைத்துக் காட்டினார்கள். 1969இல் இவான் ஃபெலேகியும் ஆலன் சன்டரும் அதற்குக் கணித அடித்தளம் அமைத்தார்கள். இன்றைய ‘நகல் பதிவு நீக்கும்’ வசதிகளில் பல அந்த வழியில் வந்தவை.

அவர்கள் தந்த முக்கியமான பாடம், விடை இரண்டல்ல மூன்று என்பது: ஒருவரே, ஒருவரல்ல, தெரியவில்லை. தெரியாததை ஓர் ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வணிக மென்பொருள்களின் அமைப்பில் இந்த மூன்றாம் கூறு பெரும்பாலும் மெலிந்துபோகிறது. ஜோஹோவின் விற்பனை, கணக்கு மென்பொருள்களை இணைக்கும்போது ஒத்த பதிவுகளை விட்டுவிடலாமா, நகல் எடுக்கலாமா, மேலெழுதலாமா என்று முன்கூட்டியே ஒரு விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு விதி எல்லாப் பதிவுகளுக்கும் ஓடும்.

இரண்டாவது குறை மொழி. ஒலிப்பை வைத்துப் பேர்களை ஒப்பிடும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெறப்பட்டது. அது ஆங்கில எழுத்துகளுக்கு வகுத்தது. அழகேசன் என்ற பேரின் ழகரத்தை ஆங்கிலத்தில் ‘எல்’ என்று எழுதினால் அந்த முறையில் ஏ422 என்ற குறி வரும். ‘இசட் எச்’ என்று எழுதினால் ஏ222 வரும். ஒரே ஆள் இருவராகிவிடுகிறார். தனலட்சுமியை ஒருவர் ‘Dh’ என்றும் இன்னொருவர் ‘Th’ என்றும் தொடங்கி எழுதும்போது முதலெழுத்தே மாறுவதால் ஒப்பீடு தொடங்குமுன் முடிந்துவிடும். பேரைத் தமிழ் எழுத்திலேயே பதிந்து ஒப்பிட்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி எழாது என்று கருத இடமுண்டு. ஆனால் பில்லும் வரித்தாக்கலும் ஆங்கில எழுத்தில் ஓடும் வரை தமிழ்ப் பதிவு மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதாகவும் ஆகலாம்.

பிரிப்பதும் சேர்ப்பதும்: இரு தவறுகளின் எடை

நான்கு விடைகளிலும் மறைந்திருப்பது ஒரு தேர்வு. ஒருவரை இருவராக விட்டுவிடுவது ஒரு தவறு. இருவரை ஒருவராக்கிவிடுவது இன்னொரு தவறு. விற்பனை மென்பொருள் விற்பவர்களின் பேச்சில் முதல் தவறே பெரிதாகத் தெரிகிறது. ஒரே ஆளுக்கு இருமுறை செய்தி போகிறது, கடன் வரம்பு இரு பக்கங்களில் பிரிந்து நிற்பதால் அளவுக்கு மீறிக் கடன் போகிறது. இவை உண்மையான இழப்புகள்தான். ஆனால் அவற்றைப் பின்னர் திருத்திக்கொள்ள முடியும்.

இரண்டாவது தவறில் ஒருவரின் பாக்கி மற்றவர் தலையில் ஏறுகிறது. சேர்த்த பின் எந்தப் பில் யாருடையது என்று பிரிப்பது கடினம். பேர் ஒன்றாகவும் ஊர் ஒன்றாகவும் கைபேசி எண் பகிரப்பட்டதாகவும் இருக்கும் இடத்தில்தான் இந்தத் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. தன் பேரில் நிலமோ எழுத்துச் சான்றோ இருப்பது அங்கே பல குடும்பங்களுக்கு ஓரிரு தலைமுறைச் செய்தி. கையில் சான்று குறைந்தவர்களே ஏட்டின் தவறை எதிர்த்துப் பேசுவதில் பின்தங்கி நிற்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமையைத் தருகிறது. ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தரவு சரியாக இருப்பதை உறுதி செய்யும் கடமையையும் விதிக்கிறது. தவறு இருப்பதே தெரியாதவர் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது.

மதிப்பீடு

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய வில்லியம் கென்ட் 1978இல் எழுதிய நூலில், எது ஒரு பொருள், எப்போது இரண்டு பதிவுகள் ஒன்றையே குறிக்கின்றன என்பவை கணினி தானாகத் தீர்க்கும் கேள்விகள் அல்ல, பயன்படுத்துவோரின் நோக்கம் தீர்மானிப்பவை என்று வாதிட்டார். மேற்கண்டவற்றைத் தொகுத்துப் பார்த்தால் அந்தக் கருத்தே வலுப்பெறுகிறது. ‘யார் தர வேண்டும்?’ என்பது கணக்கின் கேள்வி. ‘யாரோடு பேச வேண்டும்?’ என்பது விற்பனையின் கேள்வி. அப்பா பேரில் பில், மகனோடு பேச்சு என்று இருக்கும் வீட்டுக்கு இரண்டு விடைகளும் சரி.

ஆகவே இரண்டு ஏடுகளையும் ஒன்றாக்குவதைவிட, இரண்டையும் அவற்றின் வேலையில் விட்டுவிட்டு நடுவில் ஒரு தொடர்புப் பட்டியல் வைப்பது பாதுகாப்பானது எனத் தோன்றுகிறது. கடை தானே கொடுக்கும் ஒரு மாறாத எண் அதில் இருக்க வேண்டும். வரிப் பேர், பில் முகவரி, பாக்கி ஆகியவற்றைக் கணக்கு மட்டுமே திருத்தலாம். பேசும் எண், பயிர், அடுத்த தேவை ஆகியவற்றை விற்பனைப் பக்கம் மட்டுமே திருத்தலாம். கட்டத்துக்குக் கட்டம் உரிமை பிரிந்திருந்தால் ‘கடைசியாகத் தொட்டவர் வெல்வார்’ என்ற விதிக்கு வேலை குறையும். இதற்கு விலையும் உண்டு. பட்டியலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சிறு கடைக்கு அது எளிதல்ல.

தீராத கேள்விகள் மூன்று நிற்கின்றன. தமிழ்ப் பேர்களுக்கும் தலைப்பெழுத்து மரபுக்கும் ஏற்ற ஒப்பீட்டு முறையை, சிறு வணிகர் வாங்கக்கூடிய மென்பொருள்களுக்குள் யார் கொண்டுவருவது? குடும்பமே கடன் வாங்கிக் குடும்பமே அடைக்கும் ஊரில், தனி ஆளை மட்டும் அலகாகக் கொண்ட பதிவு போதுமா? விற்பவர் தம் வரிக் கணக்கை ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும் என்ற விதியும், தம் தரவை நீக்கக் கோரும் வாடிக்கையாளரின் உரிமையும் சந்திக்கும் இடத்தில் விற்பனைப் பதிவில் எது எஞ்ச வேண்டும்? இவற்றுக்கு இப்போதைக்கு உறுதியான விடை இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. ஐயமுள்ள இரண்டு பேர்களைச் சேர்க்காமல் விட்டால் கடைக்கு வேலை கூடும். தவறாகச் சேர்த்தால் ஒரு மனிதர் தான் வாங்காத கடனுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கணக்குப்பிள்ளை ஐயம் வந்தால் வாடிக்கையாளரிடமே கேட்டுக்கொள்ள முடிந்தது. அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது. இரண்டு பேர்களை ஒன்றாக்கும் பொத்தானை அழுத்துமுன் அந்த இருவரையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.